கழுகு முத்திரை இருந்தால் அசலா? ஜெர்மன் ராணுவக் களப்பொருள்களின் தயாரிப்புக் குறிகளைச் சோதிக்கும் முறை

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவத்தின் தோட்டாப்பை, தண்ணீர்க் குடுவை, தலைக்கவசம், இடுப்பு வார் போன்றவை இணைய ஏலங்களில் விற்பனைக்கு வரும்போது, "கழுகு முத்திரை தெளிவாக உள்ளது, ஆகவே அசல்" என்ற பொருளில் ஒரு குறிப்பு பெரும்பாலும் உடன் வருகிறது. வாங்குபவர் அந்த முத்திரையின் எழுத்துகளை ஏதோ ஒரு பட்டியலில் தேடுகிறார். அங்கே ஒரு தொழிற்சாலையின் பெயர் கிடைத்ததும் ஐயம் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறார். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். பழைய முறையில் பதனிட்ட தோலையோ, அழுத்தி வார்ப்பெடுத்த எஃகுத் தகட்டையோ நம்பும்படி நகலெடுப்பது கடினம். இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட ஓர் எஃகு அச்சைச் செய்துகொள்வதோ மிக எளிது. பொருளின் பாகங்களிலேயே மலிவாகப் போலி செய்யக்கூடியது முத்திரைதான். எனவே முதலில் பொருளை ஆராய்ந்து, முத்திரை சொல்லும் செய்தி அந்தப் பொருளோடு ஒத்துப்போகிறதா என்று அதன் பிறகே பார்ப்பதுதான் சரியான வரிசை.

ஒரே பொருளில் மூன்று பேரின் முத்திரை

முத்திரை என்று பொதுவாகச் சொன்னாலும், அதைப் பதித்தவர்கள் மூன்று வகையினர். அவர்களை வேறுபடுத்தாமல் வாசித்தால் அடுத்த படிகள் எல்லாமே பிசகும்.

1. தயாரிப்பாளர் குறி. தொழிற்சாலை தானே பதித்தது. பெயரும் ஊரும் ஆண்டுமாகவோ, மறைகுறி எழுத்துகளாகவோ, எண்களாகவோ இருக்கும்.

2. ஏற்பு முத்திரை. பொருள் தரமாக உள்ளது என்று அரசுத் தரப்புச் சோதனையாளர் பதித்தது. தரைப்படையின் ஆயுதக் கொள்முதல் அலுவலகமான ஹேரஸ்வாஃபன்ஆம்ட்டின் கழுகும், அதன் கீழ் 'வா-ஆ' என்ற சுருக்கெழுத்தோடு வரும் எண்ணும் இந்த வகையைச் சேர்ந்தவை. விமானப்படைப் பொருள்களில் 'பால்' (BAL) என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தையும், கடற்படைப் பொருள்களில் கழுகின் கீழ் 'எம்' எழுத்தையும் காணலாம்.

3. கிடங்கு மற்றும் படைப்பிரிவுக் குறி. பொருளைப் பெற்றுக்கொண்டவர்கள் பதித்தது. துணிப்பொருள்களில் காணப்படும் 'பி 41', 'இ 39' போன்ற மைக்குறிகள் சீருடைக் கிடங்கு இருந்த நகரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன: 'பி' பெர்லின், 'இ' எர்ஃபுர்ட், 'எம்' மியூனிக். முதல் உலகப் போர்க்காலப் பொருள்களில் இதே இடத்தில் 'பி.ஏ.' என்ற எழுத்துகளும், படையணியைச் சுட்டும் ரோமன் எண்ணும் இருக்கும்.

நாஜிக் கட்சியின் கொள்முதல் அமைப்பான ரைக்ஸ்சொய்க்மைஸ்டரையின் 'ஆர்-இசட்-எம்' குறியை இந்த மூன்றிலிருந்தும் தனியாக வைக்க வேண்டும். கட்சி, அதன் துணைப்படைகளான எஸ்.ஏ., எஸ்.எஸ்., ஹிட்லர் இளைஞர் அமைப்பு ஆகியவற்றுக்கான சீருடைச் சாமான்களை முறைப்படுத்திய குறி அது. கத்திகளுக்கு 'எம்7', கொக்கிகளுக்கு 'எம்4' என்று பொருள்வகைக்கு ஏற்ற முன்னெழுத்தும் அதில் உண்டு. தரைப்படைக் காலாட்படையின் தோட்டாப்பை என்று விற்கப்படும் ஒன்றில் இந்தக் குறி காணப்பட்டால், குறியைச் செய்தவருக்கு நிர்வாகப் பிரிவினை தெரிந்திருக்கவில்லை என்றே கொள்ளலாம்.

பெயரிலிருந்து மறைகுறிக்கு, மறைகுறியிலிருந்து எண்ணுக்கு

ஜெர்மானியத் தயாரிப்புக் குறிகள் ஏன் அடிக்கடி மாறின என்பதற்கு அரசியல் காரணம் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியத் தரைப்படையை 1,00,000 பேருக்குள் கட்டுப்படுத்தியது. 1933-க்குப் பின் மறைவாக நடந்த மறு ஆயுதமாக்கத்தில் எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டில், எவ்வளவு செய்தது என்பதை வெளியே காட்டாமலிருக்க, துப்பாக்கிகளில் 'எஸ்' எழுத்தும் எண்ணும் கொண்ட குறிகள் வந்தன. ஓபர்ன்டோர்ஃப் ஊரின் மவுசர் தொழிற்சாலைக்கு 'எஸ்/42'. ஆண்டையும் மறைத்தார்கள்: 1934-க்கு 'கே', 1935-க்கு 'ஜி'. 1935 மார்ச்சில் கட்டாய ராணுவச் சேவை வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட பிறகு ஆண்டை மறைக்க வேண்டிய தேவை நீங்கியது. 1936 முதல் முழு ஆண்டும் இலக்கத்தில் பொறிக்கப்பட்டது. பின்னர் 'எஸ்' விடுபட்டு '42' மட்டும் நின்றது.

போர் தொடங்கிய பிறகு 1940-41-இல் எழுத்து மறைகுறிகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. ஒன்று முதல் மூன்று வரையிலான சிறிய லத்தீன் எழுத்துகள் கொண்ட இவை ஏறக்குறைய எல்லாத் துறைகளுக்கும் வழங்கப்பட்டன. மவுசர் 'பி-ஒய்-எஃப்' ஆனது. 1945-இல் 'எஸ்-வி-டபிள்யூ' என்று மாறியது. கைத்துப்பாக்கி செய்த வால்த்தர் 'ஏ-சி'. இருகண் தொலைநோக்கிகளில் வெட்ஸ்லாரின் லைட்ஸ் 'பி-இ-எச்', யேனாவின் கார்ல் சைஸ் 'பி-எல்-சி', பிரவுன்ஷ்வைகின் ஃபோய்க்ட்லெண்டர் 'டி-டி-எக்ஸ்', ஆஸ்திரியாவில் வாட்டன்ஸ் ஊரின் ஸ்வாரோவ்ஸ்கி 'சி-ஏ-ஜி'. எழுத்துகளுக்கும் நிறுவனப் பெயருக்கும் நேரடித் தொடர்பு இல்லாதபடியே இவை ஒதுக்கப்பட்டன. கைப்பற்றிய பொருளைப் பார்த்து எதிரி தொழிற்சாலையைக் கண்டுபிடித்துக் குண்டு வீசக்கூடாது என்பதே நோக்கம்.

துணி, தோல் சாமான்களில் 1942-இன் இறுதியிலிருந்து இன்னொரு முறை சேர்ந்தது. ரைக்ஸ்பெட்ரீப்ஸ்நும்மர் எனப்படும் அரசுத் தொழிலக எண் அது. பூஜ்யத்தில் தொடங்கி, சாய்கோடுகளால் பிரிந்த இரண்டு நான்கிலக்கத் தொகுதிகளாக வரும். 1943, 1944 காலத்து ரொட்டிப்பை, தோள்வார், தோட்டாப்பை போன்றவற்றில் இதைப் பரவலாகக் காணலாம். 1939 மாதிரி என்று விற்கப்படும், 1940 ஆண்டு பொறித்த தோட்டாப்பையில் இந்த எண் இருந்தால் அது காலமுரண். வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

ஆகவே முதற்சோதனை கால வரிசைதான். குறியின் முறை எந்த ஆண்டில் புழக்கத்தில் இருந்தது, அருகில் பொறித்த ஆண்டு எது, பொருளின் வடிவமும் உலோகமும் எந்த ஆண்டுக்கு உரியவை என்ற மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். 'பி-ஒய்-எஃப் 38' என்று ஒன்று இருக்க வழியில்லை. 1944 என்று பொறித்த, வழவழப்பான அலுமினியப் பாத்திரம் கிடைத்தால் நின்று யோசிக்க வேண்டும். போர் நீள நீள அலுமினியம் விமானத் தொழிலுக்குப் போய், களப்பாத்திரங்களும் வார்க்கொக்கிகளும் எஃகுக்கு மாறின.

கழுகின் கீழுள்ள எண் யாருடையது?

விற்பனைக் குறிப்புகளில் மிக அதிகமாகத் தவறாக வாசிக்கப்படுவது இந்த எண்தான். அது தொழிற்சாலையின் எண் அல்ல. சோதனை அதிகாரிக்கும் அவர் தலைமையிலான குழுவுக்கும் உரியது. அதிகாரி வேறு ஊருக்கு மாற்றப்பட்டால் எண் அவரோடு போகும். ஒரே குழு பக்கத்திலுள்ள பல சிறு பட்டறைகளையும் கவனிக்கும். அதனால் ஒரே எண் பல தயாரிப்பாளர்களின் பொருள்களில் வரலாம், ஒரு தயாரிப்பாளரின் பொருள்களில் ஆண்டுக்கு ஆண்டு எண் மாறலாம். மவுசரில் முதலில் 63, பிறகு 135 என்று வந்தது இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. வால்த்தரில் 359, போரின்போது ஜெர்மானியக் கட்டுப்பாட்டில் இருந்த பெல்ஜியத்தின் எஃப்.என். ஆயுதத் தொழிற்சாலையில் 140.

போலி செய்பவர்கள் நன்கு தெரிந்த ஒரு தயாரிப்பாளர் குறியையும், நன்கு தெரிந்த ஒரு சோதனை எண்ணையும் எடுத்து ஒன்றாகப் பதித்துவிடுவார்கள். தனித்தனியே பட்டியலில் தேடினால் இரண்டும் கிடைக்கும். அந்த இரண்டும் அந்த ஆண்டில், அந்த வகைப் பொருளில் சேர்ந்து வந்திருக்கின்றனவா என்று கேட்டால்தான் பிழை தெரியும். சேகரிப்பாளர்கள் ஆண்டுவாரியாகப் பதிந்து வைத்திருக்கும் ஒளிப்படத் தொகுப்புகளுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

எல்லாக் களப்பொருளும் ஆயுதக் கொள்முதல் அலுவலகத்தின் வழியே வாங்கப்படவில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். துப்பாக்கி உறை, நச்சுவாயு முகமூடிப் பெட்டி போன்றவற்றில் அதன் கழுகு இயல்பானது. சீருடைக் கிடங்குகள் வழியே வந்த துணிச் சாமான்களில் அது இல்லாதது குறையே அல்ல. விலையை ஏற்றுவதற்காகப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட கழுகுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பொருள்களில்தான் அகப்படுகின்றன. குறியே இல்லாத அசல் பொருளைக் குறி பதித்துக் கெடுத்துவிடுவது இந்தச் சந்தையின் மிக வருத்தமான பழக்கம். திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் அது.

ஒரு தலைக்கவசத்தைக் கையில் எடுத்தால்

முத்திரையைப் பொருளோடு ஒட்டி வாசிப்பது எப்படி என்பதற்கு எஃகுத் தலைக்கவசத்தைவிட நல்ல பாடம் இல்லை. ஒரே ஓட்டில் பல சான்றுகள் ஒன்றையொன்று சோதிக்கின்றன.

ஓட்டின் உட்புற விளிம்பில் தயாரிப்பாளர் எழுத்தும் அளவும் சேர்ந்து பொறிக்கப்பட்டிருக்கும். 'இ-டி 64' என்றால் தாலே ஊரின் ஐசன்ஹியூட்டன்வெர்க், ஓட்டின் அளவு 64. 'கியூ' எஸ்லிங்கனின் குவிஸ்ட். 'என்-எஸ்' ஷ்வேர்ட்டேயின் நிக்கல் ஆலை. 'எஸ்-இ' லவுட்டர் ஊரின் எனாமல் ஆலை. 'இ-எஃப்' ஃபுல்டாவின் எனாமல் ஆலை. பின்புறக் கழுத்து விளிம்பின் உள்ளே எஃகுத் தொகுதியின் எண் தனியாக இருக்கும். மறைகுறிக் காலத்தில் தாலே 'சி-கே-எல்' என்றும், லவுட்டர் 'எச்-கே-பி' என்றும் மாறின.

அடுத்து ஓட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். 1935 மாதிரியில் காற்றுத் துளைகளில் தனியாகச் செருகிய வளையங்கள் இருக்கும். 1940 மாதிரியில் துளையின் விளிம்பு ஓட்டின் தகட்டிலேயே அழுத்தி எடுக்கப்பட்டது. 1942 மாதிரியில் ஓட்டின் ஓரம் உள்ளே மடிக்கப்படாமல் வெளிப்புறம் விரிந்தபடியே விடப்பட்டது. தனி வளையத் துளைகள் கொண்ட 1935 மாதிரி ஓட்டில் 'சி-கே-எல்' என்று இருந்தால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பெரும்பாலும் அது முத்திரைதான்.

உள்வளையமும் பேசும். '64 என்.ஏ. 57' என்று அதில் இருந்தால், 64 அளவு ஓட்டில் பொருந்தும், 57 செ.மீ. தலைச்சுற்றளவுக்கான புதிய வகை உள்வளையம் என்று பொருள். 66-க்கு 58 அல்லது 59, 68-க்கு 60 அல்லது 61 என்று இந்த இணை தொடரும். 68 அளவு ஓட்டில் 64-க்கான உள்வளையம் இருந்தால், பிற்காலத்தில் வேறொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது என்று முடிவு செய்யலாம். ஓடு அசலாகவே இருக்கக்கூடும். முழுத் தலைக்கவசமும் ஒரே பிறப்பு என்ற விலைதான் செல்லாது.

இங்கேதான் மிகப் பெரிய பொறி இருக்கிறது. ஓட்டின் முத்திரை முழுக்க அசலாக இருந்தும், பக்கவாட்டில் ஒட்டிய சின்னம் போலியாக இருக்கலாம். தரைப்படையின் சாதாரண ஓட்டில் எஸ்.எஸ். சின்னத்தை ஒட்டினால் விலை பல மடங்கு ஏறும் என்பதால், நகலெடுப்பவர்களின் உழைப்பு முழுதும் அந்தச் சின்னத்திலேயே குவிகிறது. ஓட்டின் முத்திரை ஓட்டுக்கு மட்டுமே சாட்சி. அது சின்னத்துக்கும், வண்ணப்பூச்சுக்கும், தாடை வாருக்கும் உறுதி தராது. மூவண்ணத் தேசியச் சின்னம் 1940-இல் கைவிடப்பட்டது என்பதால், அது 1942 மாதிரி ஓட்டில் பளிச்சென்று ஒட்டியிருந்தால் மேலும் ஆராய வேண்டியதே இல்லை.

வடிவம் ஒத்த வெளிநாட்டுத் தலைக்கவசங்களும் குழப்பும். ஹங்கேரியின் 1938 மாதிரியில் பின்புறம் ஒரு சதுர வளையமும், ஸ்பெயினின் 1942 மாதிரியில் முன்புறம் சின்னம் செருகும் தாங்கியும் உண்டு. இவற்றைக் கழற்றி, துளைகளை நிரப்பி, ஜெர்மானியக் குறி பதித்து விற்பார்கள். நிரப்பிய இடத்தை ஓட்டின் உட்புறத்தில் விரலால் தடவினாலே மேடு தட்டுப்படும்.

முத்திரை எப்படிப் பதிந்திருக்கிறது

எழுத்து என்ன சொல்கிறது என்பதற்கு அடுத்தபடி, அது எப்படிப் பதிந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

உலோகத்தில்: எஃகு அச்சால் அடித்த குறியில் உலோகம் விலகி, எழுத்தின் ஓரத்தில் நுண்ணிய மேடு உண்டாகும். அழுத்தமும் எங்கும் சீராக இராது. ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மேலோட்டம் என்பது கையால் அடித்த குறியின் இயல்பு. லேசர் குறியில் ஆழம் சீராக இருக்கும், விலகிய உலோகம் இராது, ஓரம் கருகித் தெரியும். அசல் கொக்கியை அச்செடுத்து வார்த்த நகலில் எழுத்தின் முனைகள் மழுங்கியிருக்கும். குளிரும்போது உலோகம் சுருங்குவதால் அதன் அளவும் அசலைவிடச் சற்றுக் குறையும். வர்ணம் பூசுவதற்கு முன் அடித்த குறியின் குழிக்குள் அதே வர்ணம் இருக்க வேண்டும். வர்ணத்தை வெட்டிக்கொண்டு பளபளக்கும் உலோகம் தெரிந்தால் குறி பின்னால் வந்தது.

தோலில்: இங்கே உருப்பெருக்கிக் கண்ணாடி மிகவும் உதவும். 80 ஆண்டு கடந்த தோட்டாப்பையின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். அசல் குறியில் அந்த வெடிப்புகள் எழுத்தின் குழிக்குள்ளும் இறங்கி, மறுபுறம் தொடர்ந்து போகும். ஏனெனில் குறி முதலில், வெடிப்பு பிறகு. பழைய தோலில் புதிதாக அடித்த குறியிலோ வெடிப்பு எழுத்தின் ஓரத்தில் நின்றுவிடும், அல்லது குழிக்குள் நசுங்கி மூடிக்கொள்ளும். குழியின் அடியில் தேங்கும் மெழுகும் தூசியும் சுற்றுப்புறத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும். கறுப்புத் தோலின் குழியில் வெளிர் பழுப்பு தெரிந்தால், சாயத்தின் மேல்தோலை அண்மையில் உடைத்திருக்கிறார்கள்.

துணியிலும் நூலிலும்: புற ஊதா விளக்கின்கீழ் தையல் நூல் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், போருக்குப் பிறகே பரவலான ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் அதில் உள்ளது என்று பொருள். ஆனால் அசல் துணியை இன்றைய சலவைத் தூளில் துவைத்தாலும் அதே ஒளிர்வு வரும். எனவே இது எச்சரிக்கை மட்டுமே, தீர்ப்பு அல்ல. பாலியெஸ்டர் நூல் இன்னும் வலுவான சான்று. 1941-இல் பிரிட்டனில் உருவாக்கப்பட்ட அது 1950-களில்தான் சந்தைக்கு வந்தது.

துணைப் பாகங்களின் குறியைப் பொருளின் குறியாக எண்ணிவிடக்கூடாது. 'பிரிம்' என்று பொறித்த அழுத்துப் பொத்தானோ, லியூடன்ஷைட் ஊரின் அஸ்மன் நிறுவனக் கொக்கியோ அந்தப் பாகத்தைச் செய்தவரின் பெயரை மட்டுமே சொல்கிறது. இந்த நிறுவனங்கள் போருக்குப் பிறகும் இயங்கியதால் காலத்தையும் அவை தீர்மானிக்காது.

போருக்குப் பிந்தைய அசல்கள்

போலி என்று சொல்ல முடியாத, ஆனால் தவறான காலத்துக்கு விற்கப்படும் பொருள்கள் ஏராளம். 1955-இல் மேற்கு ஜெர்மனியின் ராணுவமான புண்டஸ்வேரும், 1956-இல் கிழக்கு ஜெர்மனியின் மக்கள் ராணுவமும் தொடங்கப்பட்டபோது பழைய வடிவங்கள் பல தொடர்ந்தன. சில குறிகள் உடனே காட்டிக்கொடுக்கும்:

1. 'டி-ஆர்-பி' (DRP), 'டி-ஆர்-ஜி-எம்' (DRGM) என்பவை பழைய அரசின் காப்புரிமைக் குறிகள். இரண்டாம் எழுத்து 'பி' (B) ஆக மாறி 'டி-பி-பி' (DBP), 'டி-பி-ஜி-எம்' (DBGM) என்று இருந்தால் அது கூட்டாட்சிக் குடியரசின் காலம்.

2. நான்கு இலக்கம், அதன்பின் '12', அதன்பின் நீண்ட எண் என்று அமைந்தால் அது நேட்டோவின் வழங்கல் எண். 12 என்பது ஜெர்மனியின் நாட்டுக் குறி. களச்சாமான்களில் முதல் நான்கு இலக்கம் பெரும்பாலும் 8465.

இந்த எண் பொறித்த இடத்தை அரத்தால் தேய்த்து, மேலே பழைய குறியை அடித்த பாத்திரங்களும் விற்பனைக்கு வருகின்றன. ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் தேய்த்த பள்ளம் தெரிந்துவிடும்.

அளவுக்கு மீறிய ஐயமும் பிழையே

கால வரிசையை இரும்பு விதியாக எண்ணி அசல் பொருளை ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது. எழுத்து மறைகுறி வந்த அன்றே எல்லாப் பட்டறைகளும் பழைய அச்சைத் தூக்கிப் போடவில்லை. 1942 ஆண்டோடு முழுப்பெயர் பொறித்த தோல்பொருள்கள் உண்டு. முன்பே வெட்டி வைத்த தோலும், பழைய கையிருப்பு அலுமினியப் பாகமும் பிற்காலப் பொருளில் சேர்ந்திருக்கும். சில மாதத் தள்ளாட்டம் இயல்பு, மூன்று நான்கு ஆண்டு முரண் இயல்பல்ல என்பதே நடைமுறையில் பயன்படும் அளவுகோல்.

எழுத்துகளுக்குப் பின்னால் இருந்த மனிதர்கள்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, விலையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 'பி-சி-டி' என்பது வைமாரின் குஸ்ட்லோஃப் ஆலைகளின் குறி. அந்த நிறுவனம் புகன்வால்ட் வதைமுகாம் கைதிகளை வேலைக்கு வைத்தது, முகாமை ஒட்டியே ஓர் ஆலையையும் நடத்தியது. தோட்டாக்களின் அடியில் காணப்படும் 'கே-ஏ-எம்' போலந்தின் ஸ்கார்ஷிஸ்கோ-கமியென்னாவில் இருந்த ஹாசாக் ஆலையைக் குறிக்கிறது. அங்கே யூதர்கள் கட்டாய உழைப்பில் வைக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். எஸ்.எஸ். சீருடைகள் ராவன்ஸ்ப்ரூக் முகாமின் பெண் கைதிகளால் தைக்கப்பட்டன. எஸ்.எஸ். ஆடைத் தொழிலகத்தின் பெயரால் வரும் 'எஸ்-எஸ்-பி-டபிள்யூ' முத்திரை இன்று மிக அதிகமாகப் போலி செய்யப்படும் குறிகளில் ஒன்று. யார், எங்கே, எந்த நிலையில் உழைத்தார்கள் என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்றுகளில் ஒன்றை லாபத்துக்காகப் பொய்யாக்கும் செயல் அது.

படத்தை வைத்து வாங்குபவர் கேட்க வேண்டியவை

ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86-அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எனவே ஜெர்மானிய விற்பனைப் படங்களில் ஸ்வஸ்திகா மறைக்கப்பட்டிருப்பதை ஐயத்துக்குரியதாகக் கொள்ளத் தேவையில்லை. மறைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லாத தயாரிப்பாளர் எழுத்தும் ஆண்டும் மங்கலாக இருந்தால்தான் கேள்வி எழ வேண்டும்.

விற்பவரிடம் நான்கு படங்கள் கேட்கலாம்: நேர் ஒளியில் முத்திரை, பக்கவாட்டுச் சாய்வொளியில் அதே முத்திரை, அளவுகோலை அருகில் வைத்து எடுத்தது, முத்திரையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மேற்பரப்பு தெரியும்படி எடுத்தது. நான்காவது படம்தான் முக்கியமானது. வெடிப்பும் வர்ணமும் தையலும் குறியோடு எப்படிச் சந்திக்கின்றன என்பது அதில்தான் தெரியும். முத்திரையை மட்டும் நெருக்கமாகக் காட்டி, சுற்றுப்புறத்தைக் காட்ட மறுப்பவரிடம் பொருள் நேரில் பார்க்கக் கிடைக்கும்வரை பணம் கட்டாமலிருப்பது நல்லது. போலி என்று தெரிந்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஒப்புதலில் "1945-க்கு முந்தைய தயாரிப்பு" என்ற சொற்களும், முத்திரையின் முழு வாசகமும் இடம்பெற்றிருக்க வேண்டும். "ஜெர்மன் ராணுவப் பொருள்" என்ற பொதுச் சொல் மட்டும் இருந்தால் அது 1960-ஆம் ஆண்டுப் பொருளுக்கும் பொருந்திவிடும்.